கரீம் பாட்சாவும் நின்றுபோன ஜெனரேட்டரும்

கரீம் பாட்சா மேலப்பாளையத்திலிருந்து தாராவிக்கு வந்தது தோல் கிடங்கில் வேலை செய்யத்தான். சுண்ணாம்புத் தொட்டி விரல்களை அரித்துவிட்டதால் அந்த வேலையை உதறிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் இரும்பு சுமக்கச் சேர்ந்து, ஃபிட்டராக உயர்ந்தார். டீசல் எஞ்சின் மக்கர் செய்தால் பாட்சாவைக் கூப்பிடு என்று சொல்லும் அளவுக்குப் பெயர் எடுத்தார். அந்தப் பெயரை வைத்துத்தான் மனைவி ஹபீபாவின் தம்பி ரஹ்மத்துல்லாவுக்கு ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை வாங்கிக் கொடுத்தார்.

1942 செப்டம்பரில் அந்தக் கப்பல் படைச் சாமான்களோடு கராச்சிக்குப் போனது. நடுக்கடலில் அதன் ஜெனரேட்டர் இரண்டு முறை தானாக நின்றது. விளக்கு போயிற்று, சுக்கானைத் திருப்பும் மோட்டாரும் நின்றது. கூட வந்த இன்னொரு கப்பல் இடிக்காத குறையாக விலகிப் போனது. இரண்டு முறையும் ஜெனரேட்டரின் டீசல் எஞ்சின் பக்கத்தில் நின்றவன் ரஹ்மத்துல்லா. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் தேசமெங்கும் தண்டவாளம் பெயர்ப்பதும் தந்திக் கம்பி அறுப்பதுமாக இருந்த நேரம் அது. கப்பல் பம்பாய் திரும்பியதும் போலீசார் அவனை இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு போனார்கள்.

கரீம் பாட்சாவையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் எஞ்சினை நிறுத்தியிருப்பானா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆகஸ்டில் ரஹ்மத்துல்லா கொடி பிடித்து ஊர்வலத்தில் போனது பாட்சாவுக்கு நினைவு வந்தது. "தெரியாது சாப்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் ஹபீபா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "என்ன கேட்டாவ? நீங்க என்ன சொன்னிய?"

"தெரியாதுன்னேன்."

அவள் கை நின்றது. "எந்தம்பி அதச் செய்ய மாட்டான்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வரலியா?"

"செஞ்சிருக்க மாட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்? கொடி புடிச்சிட்டுப் போனவன்தான அவன்?"

அதன்பின் அவள் அவரிடம் பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள்.

கப்பலைச் சோதிக்கும் வேலை அவர் பட்டறைக்கே வந்தது. மாதுங்காவிலிருந்து வரும் பட்டறையின் உதவி எஞ்சினியர் வேங்கடசுப்ரமணியனும் அவரும் ஜெனரேட்டரைப் பிரித்துப் பார்த்தார்கள். டீசல் எண்ணெய் வடிகட்டி சுத்தமாக இருந்தது. பம்பில் தேய்மானம் இல்லை. எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. மாட்டி ஓட்டியபோது பகல் முழுக்க ஒரே சீராக ஓடியது. ஒவ்வொரு பாகமும் நன்றாக இருக்கிறது என்று தெரியத் தெரியப் பாட்சா அதையே மறுபடி பிரித்துப் பார்த்தார். எஞ்சின் நல்லது என்றால் மைத்துனன் கெட்டவன். கப்பலின் வெள்ளைக்கார சீஃப் எஞ்சினியரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேங்கடசுப்ரமணியன், "பாட்சா, எண்ணெய் மட்டம் பாக்கறதுக்குன்னு நாம டாங்க் மூடியைத் திறந்து வெச்சுண்டே ஓட்டறோம். கடல்ல அப்படியா ஓட்டுவா? எல்லாத்தையும் மூடிட்டு ஓட்டிப் பாக்கலாம்" என்றார்.

மூடியை இறுக்கிவிட்டு, விளக்கு, பம்பு எல்லாவற்றையும் போட்டு ஓட்டினார்கள். மத்தியானம் நெருங்கும்போது எஞ்சின் சத்தம் மெலிந்தது. பல்புகள் சிவந்து மங்கின. எஞ்சின் திணறி நின்றது.

பாட்சா எஞ்சின் பக்கத்தில் எண்ணெய்க் குழாயின் இணைப்பைத் தளர்த்தினார். டாங்கில் பாதிக்குமேல் எண்ணெய் இருந்தும் ஒரு சொட்டுகூட வரவில்லை. ஏணியில் ஏறி டாங்க் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. கையிலிருந்த, எண்ணெய் துடைக்கும் துணிக் கழிவும் அந்தச் சந்தோடு போய் ஒட்டிக்கொண்டது.

கீழிருந்து வேங்கடசுப்ரமணியன் கத்தினார். "எண்ணெய் வரது! என்ன பண்ணினேள்?"

"ஒண்ணும் பண்ணல சார். மூடியத் தொறந்தேன். டாங்குக்குள்ள காத்து போக வழியில்ல."

எண்ணெய் குறையக் குறைய டாங்குக்குள் காற்று போவதற்கென்று மேல்தளம்வரை ஒரு குழாய் உண்டு. இருவரும் மேலே ஓடினார்கள். குழாய் வாயிலிருந்த கம்பி வலை முழுவதும் சாம்பல் நிறப் பெயிண்ட் அப்பிக் கிடந்தது. வலையில் ஒரு கண்கூடத் தெரியவில்லை. யுத்தத்துக்காகக் கப்பலுக்குச் சாம்பல் நிறம் அடித்தது, அது கராச்சிக்குக் கிளம்புமுன். அடித்தது அவர்கள் பட்டறைதான்.

வேங்கடசுப்ரமணியன் ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்துவிட்டார். "பெயிண்ட் அடிச்சப்போ மேற்பார்வை என்னுது. சொன்னா என் தலையிலதான் விடியும்."

"சொல்லலன்னா அவன் உள்ளயே கெடப்பான் சார்."

வேங்கடசுப்ரமணியன் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி எழுந்தார். "வலையைச் சுரண்டாதேங்கோ. அப்படியே இருக்கட்டும். சீஃப் கண்ணால பாக்கணும்."

சீஃப் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. போலீசுக்குப் போன் செய்யப் போனார். வேங்கடசுப்ரமணியனைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் மறுபடி எஞ்சின் பக்கம் வரவே இல்லை.

ரஹ்மத்துல்லாவை விட்டுவிட்டார்கள். ஆனால் அவன் அக்கா வீட்டுக்கு வரவில்லை. தோல் கிடங்குச் சந்தில் ஓர் அறை பிடித்துக்கொண்டு தோல் வேலைக்குப் போனான். ஹபீபாதான் சாப்பாடு கொண்டுபோனாள். பல நாட்கள் கழித்து ஒரு சாயங்காலம் பாட்சா துணிந்து போனார். அவன் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான்.

"போலீஸ்காரன் கேட்டப்ப நான்..." என்று ஆரம்பித்தார்.

அவன் அவர் வாயையே பார்த்தான். "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க மச்சான். அந்தக் காது கேக்கல. அடிச்சதுல போயிட்டு."

பாட்சா அவனுக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். "கப்பலுக்குத் திரும்ப வாரியாலே?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல மச்சான்."

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து அங்கே போய் உட்கார்ந்தார். குளிர் தொடங்கிய பிறகுதான் ஒருநாள் சொல்ல முடிந்தது. "போலீஸ்காரன் ஒன்னப் பத்திக் கேட்டாம்லே. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

ரஹ்மத்துல்லா சாக்கின் நூலைப் பிரித்தபடி இருந்தான். "எனக்கே தெரியல மச்சான். அடிக்க அடிக்க, நாந்தான் எதையும் தொட்டுத் தொலச்சிட்டேனோன்னு எனக்கே தோணிட்டு."

அக்கா வீட்டுக்கு அவன் வந்தது அதற்கும் வெகுநாள் கழித்துத்தான்.