மிதிக்காமல் நின்ற கால்

ஆண்டவருக்கு நன்றி. எனக்கு அதிகம் பேச வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவன் நான். மீன்பிடித் தடை முடிந்து படகுகள் கிளம்பிய வாரம். ஐஸ் பாரை, அந்த நீளக் கட்டியை, குனிந்து தூக்கினேன். இடுப்பில் ஏதோ நழுவியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சுளுக்கு என்றுதான் நினைத்தோம். எங்கள் சந்தில் சுளுக்கு என்றால் ஸ்டெல்லா அக்கா. மீன் விற்கிறவர். பிறக்கும்போது கால் முதலில் வந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போகும் என்பார்கள். குப்புறப் படுத்தேன். மிதித்தார்.

அதற்குப் பிறகுதான் வலி காலுக்கு இறங்கியது. பின்தொடை, கெண்டைக்கால், பெருவிரல் வரை கரண்டு அடித்த மாதிரி. தும்மினால் உயிர் போகும். உட்கார முடியாது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். நான் தூக்கினால்தான் அடுப்பு எரியும். இனி நடப்பேனா என்று பயந்தேன். வெளியே சொல்லவில்லை.

பிறகு வலது கால் மரத்துப்போனது. வலி குறைந்தது. குணமாகிறது என்று சந்தோஷப்பட்டேன். இன்னொரு மிதி போதும். “ஆண்டவரே, அக்கா காலுக்கு பலம் கொடும்” என்று ஜெபித்தேன்.

மத்தியானம் அக்கா வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துக் காத்திருந்தேன். சிமெண்ட் குளிர்ந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதியது. கண் சொக்கியது. கடல் மேல் நடக்கிறேன். எங்கு பார்த்தாலும் ஐஸ் மிதக்கிறது. யாரோ கூடவே வருகிறார். முகம் தெரியவில்லை. மீன் வாடை. கீழே பார்த்தேன். என் வலது கால் இல்லை. ஆனால் பயமும் இல்லை.

“இன்னாடா, வாசல்ல ஒத்த செருப்பு கீது?”

விழித்தேன். அக்கா கூடையோடு நின்றார்.

“ரெண்டும் போட்டுகினுதான் வந்தேன்க்கா.”

“அதோட ஜோடிய தெருமுனைல நாய் மோந்துகினு கீது.”

செருப்பு கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. அக்கா என் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

“வலிக்குதா?”

“இன்னா வலிக்குதா?”

“அடப்பாவி, வெரலக் கிள்ளிகினு கீறேன்டா!”

என் விரலை விட்டுவிட்டு எழுந்தார். பிறகு, “நான் மிதிக்க மாட்டேன். இது சுளுக்கு இல்ல. ஏந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றார்.

கெஞ்சினேன்.

“போடா. ஒன் பொண்ணுங்களுக்கு நானா பதில் சொல்றது?”

கூடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஜவ்வு இருக்கிறதாம். அது பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது. நரம்பு சோர்ந்ததால்தான் கால் மரத்தது என்றார் டாக்டர். மூத்திரம் போவது தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். “தப்பிச்சீங்க. மறுபடி மிதிச்சிருந்தா என்ன ஆகியிருக்குமோ” என்றார்.

ஆபரேஷன் இல்லை. மாத்திரை, ஓய்வு, உடற்பயிற்சி. மழைக்காலத்தில் ஒரு காலை கரையில் நின்றேன். அலை வந்தது. வலது காலும் குளிர்ந்தது. அழுதேன். அழுகிறவன் இல்லை நான்.

அக்கா காலுக்கு பலம் கேட்டேன். ஆண்டவர் அந்தக் காலை நிறுத்திவைத்தார்.

இப்போது ஐஸ் உடைக்கும் மெஷினில் நிற்கிறேன். பாரம் தூக்குவதில்லை. தினமும் ஜெபிக்கிறேன். “இப்படித்தான் செய்யும், ஆண்டவரே” என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. அக்காவும் இப்போது யாரையும் மிதிப்பதில்லை. இடுப்பு என்று வந்தால் விரலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்.

கால் மரத்தால் சும்மா இருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். ஜெபியுங்கள். முகம் தெரியாவிட்டாலும் அவர் கூடவே வருவார். எனக்கு மீன் வாடையோடு வந்தார்.