நான்தான்னா யாரு?

அப்பாவும் அவளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு நீண்ட எண்ணைச் சத்தமாகப் படித்தது. மகள் திரையைப் பார்த்துப் படித்தாள். அப்பா அதைச் சொந்தக்காரர்களாக மாற்றிப் போனில் சொன்னார்.

இடம், மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்த ரத்த வங்கி. அங்கே ஒரு கணினி, பக்கத்தில் லேபிள் அடிக்கும் சின்ன பிரிண்டர். ஒவ்வொரு ரத்தப் பையின் மேலும் அது என்ன வகை என்று சொல்லும் ஒரே சாட்சி அந்த லேபிள். பிரிண்டரை ஓட்டும் மென்பொருள் அந்தக் கணினியை இயக்கும் லினக்ஸோடு சேர்ந்து வருவதில்லை. வேறு ஊரில் இருக்கும் ஒருவர் தனியாளாக எழுதி, இணையத்தில் தன் கிடங்கான ரெப்போவில் வைத்திருந்தார். அப்பா அவரை ‘அச்சு’ என்பார். பல வருஷப் பழக்கம்; முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். அச்சு தன் மென்பொருள் பேக்கேஜ்களில் ஒரு டிஜிட்டல் சாவியால் கையெழுத்துப் போடுவார். அந்தச் சாவிக்கு ஒரு கைரேகை உண்டு: எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து நாற்பது. வருஷத்துக்கு ஒருமுறை சாவியைப் புதுப்பிக்கும்போது அந்த நாற்பதையும் இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

போனில் பி, சி, டி, இ எல்லாம் ஒரே மாதிரி காதில் விழும். அதற்கு அப்பா கண்டுபிடித்த வழிதான் சொந்தக்காரர்கள். ஏ என்றால் அத்தை. பி பெரியப்பா. சி சித்தி. டி டீச்சர், அதாவது அம்மா. இ இளையவள், அதாவது அவள். “எஃப்-க்கு நம்ம மொழியில சொந்தம் கிடையாது. அதனால பக்கத்து வீட்டுக்காரர்.”

அன்றைக்கு அப்பாவின் மூக்குக் கண்ணாடி பழுதுபார்க்கப் போயிருந்தது. அதனால்தான் அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எண் முடியும் இடத்தில் இரண்டு இ வந்தன. “இளையவள், இளையவள்” என்று சொல்லிவிட்டு, “கடைசியில ரெண்டு வாட்டி உன்னையே கூப்பிடுது பாரு” என்று சிரித்தார். பிறகு அச்சு ஏதோ சொன்னார் போல. அப்பா பதில் சொன்னது மட்டும் அவள் காதில் விழுந்தது. “சரி சரி. கண்ணாடி வரட்டும், மாத்திடறேன்.”

கண்ணால் பார்க்காத வரியில் அவர் கை வைக்கமாட்டார். ஆஸ்பத்திரியில் குளிர்ப்பெட்டி ரிப்பேரில் தொடங்கி, கணினிகள் வந்ததும் தானே கற்றுக்கொண்டு அவற்றையும் பார்த்துக்கொண்டவர். எல்லோருக்கும் அவர் பெட்டி டாக்டர். வீட்டிலும் அதே கதைதான். கதவைத் தட்டினால் உள்ளிருந்து, “யாரு?”

“நான்தான்.”

“நான்தான்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. நான்தான்னா யாரு?”

சொந்த மகள், கையில் காய்கறிப் பையோடு, சொந்த வீட்டு வாசலில் நின்று தன் பெயரைச் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் நகரும்.

அடுத்த வாரம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று ரத்த வங்கியிலிருந்து போன். பொறுப்பாளர் அம்மாள்தான். “கணினி செத்துப்போச்சும்மா. புது டிஸ்க் போட்டுட்டாங்க, பிரிண்டர் மட்டும் அசைய மாட்டேங்குது. உன்னைக் கூப்பிடக் கூடாதுதான். வேற யாரும் இல்ல.”

அவள் போனபோது பொறுப்பாளர் கையால் லேபிள் எழுதிக்கொண்டிருந்தார். கையால் எழுதினால் ஒவ்வொன்றையும் இருவர் சரிபார்க்க வேண்டும். மேலே அறுவை அரங்கில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. பைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. “இந்த வேகத்துல எங்கயாவது தப்பு வந்துரும்னு பயமா இருக்கு. சீக்கிரம் பாரும்மா.”

அவள் அப்பாவின் பென்டிரைவைச் செருகினாள். அச்சுவின் ரெப்போ விலாசம் அதில் இருந்தது. சாவி பழைய டிஸ்க்கோடு போய்விட்டிருந்தது. கட்டளை கொடுத்ததும் சிவப்பில் வந்தது: கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை, இந்த இடம் நம்பகமானதல்ல.

“நம்பாம போனா போகட்டும், அமுக்கிப் போட வழியில்லையா?” என்றார் பொறுப்பாளர்.

வழி இருந்தது. சரிபார்க்காமல் ஏற்றுக்கொள் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். ஏற்றுக்கொண்டால், வந்தது எதுவாக இருந்தாலும் அந்த இயந்திரத்தில் எதையும் மாற்றும் உரிமை அதற்கு வந்துவிடும். லேபிளில் அச்சாகும் ரத்த வகையையும்.

அந்த விலாசத்திலேயே சாவியும் கிடைத்தது. இறக்கிக் கைரேகையைப் பார்த்தாள். முடிவில் இரண்டு இ. அதற்கு முன்னால் இருந்த எழுத்துகளும் நினைவில் இருந்த மாதிரியே இருந்தன. கடைசி எட்டு, அப்படியே.

“சரியா இருக்கா?”

“இருக்கற மாதிரி இருக்கு.”

“அப்புறம் என்னம்மா?”

விரல் விசைமேல் இருந்தது. கடைசி எட்டு மட்டும் ஒத்துப்போகிற மாதிரி ஒரு போலிச் சாவி செய்வது கஷ்டமில்லை. இது அவளுக்குத் தெரியும், படித்திருக்கிறாள். அதைவிட, சாவியைக் கொடுத்ததும் அதே இடம்; இது என் சாவி என்று சொன்னதும் அதே இடம். வாசலில் நின்று நான்தான் என்கிறது.

விரலை எடுத்தாள். கைப்பையிலிருந்து அப்பாவின் போனை வெளியே எடுத்து அச்சுவைக் கூப்பிட்டாள்.

மேலிருந்து மறுபடி ஆள் வந்தான். “இன்னும் ரெண்டு பை கேக்கறாங்க.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, “என்ன டாக்டரே, கண்ணாடி வந்துச்சா?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஹலோ? டாக்டரே?”

“நான் அவர் பொண்ணு பேசறேன்.”

“அவர்கிட்ட குடும்மா.”

“அவர் இல்ல.”

“எப்ப வருவாரு?”

“இல்ல சார். அவர் இல்ல.”

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகரும் சத்தம். “எப்ப?” என்றார். சொன்னாள். எதற்காகக் கூப்பிட்டாள் என்பதையும், மேலே காத்திருக்கும் பெண்ணையும் சேர்த்துச் சொன்னாள். அச்சுவின் குரல் மாறியது.

“தப்பா எடுத்துக்காதம்மா. போன் அவரோடதுதான், குரல் அவரோடது இல்லையே. குரல் மாறினா ஒரு எழுத்துகூடச் சொல்லாதேன்னு அவரேதான் சொல்லியிருக்காரு. எஃப் யாரு?”

“பக்கத்து வீட்டுக்காரர்.”

“ஏன்?”

“நம்ம மொழியில எஃப்-க்குச் சொந்தம் கிடையாது.”

“டி?”

“டீச்சர். எங்க அம்மா.”

“இ?”

“இளையவள்.” நிறுத்தினாள். “நான்தான்.”

அவர் மூக்கை உறிஞ்சினார். “சரி. ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன். நாலு, சித்தி, ஒன்பது, அத்தை.”

திரையில் முதல் எண் ஏழு.

“மறுபடி சொல்லுங்க.”

“நாலு, சித்தி...”

“இங்க ஏழு, பெரியப்பா.”

“நிறுத்து. எதையும் ஏத்தாதே. எங்கேர்ந்து எடுத்த?”

விலாசத்தைப் படித்தாள்.

“ஐயோ, அது என் கையை விட்டே போச்சும்மா! அந்த விலாசத்துக்கு வருஷப் பணம் கட்ட மறந்துட்டேன், எவனோ வாங்கிட்டான். புது விலாசம் அன்னிக்கே உங்க அப்பாகிட்ட சொன்னேனே. கண்ணாடி வரட்டும், மாத்திடறேன்னாரு.”

பொறுப்பாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பழைய வரியை அழித்தாள். அச்சு சொல்லச் சொல்லப் புது விலாசத்தை எழுதினாள். சாவி இறங்கியது. நாற்பதையும் முதலிலிருந்து படித்தார்கள். அத்தை வந்தாள், சித்தி வந்தாள், டீச்சர் மூன்று முறை வந்தாள். கடைசியில் அவர், “இளையவள், இளையவள்” என்றார்.

“சரியா இருக்கு சார்” என்று மென்பொருளை ஏற்றினாள்.

பிரிண்டர் ஒரு தடவை உறுமிவிட்டு முதல் லேபிளைத் துப்பியது. பொறுப்பாளர் அதைக் கிழித்து, தான் எழுதியதோடு வைத்துப் பார்த்து, பையில் ஒட்டி, ஓடினார்.

மாலையில் அவள் கண்ணாடிக் கடைக்குப் போனாள். ரசீது அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. கடைக்காரர் டப்பாவைத் தேடி எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். இடது கம்பி வெளிப்பக்கமாக விரிந்திருந்தது.

“இது அப்பவே ரெடிம்மா. கம்பி மட்டும் பாக்கி. முகத்துல வெச்சுப் பாத்துத்தான் வளைக்கணும்” என்றார். “அவரையே ஒரு எட்டு வரச் சொல்லுங்க.”