எண்பது டிகிரித் தண்ணீரும் திமித்ரினாவின் சாவியும்

திமித்ரினாவுக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். குழம்பை வாயில் வைக்காமலே உப்பு போதாது என்ற கணவனை அன்றைக்கே பெட்டியோடு அனுப்பியவள். நரம்பில் ஏற்றும் மருந்து பாட்டில்களைத் தயாரிக்கும் ஆலையில் அவள்தான் வேதியியலாளர். காய்ச்சி வடித்த தண்ணீர்த் தொட்டியின் சாவி எப்போதும் அவள் கழுத்தில் தொங்கும்.

அந்த இலையுதிர் காலத்தில் புதிய இயக்குநர் ஓக்னியன், சுடுதண்ணீரிலேயே முக்கக்கூடிய பி.எச். மீட்டர் ஒன்றை வாங்கிவந்தார். திமித்ரினா தண்ணீரை மூடிய குடுவையில் ஆறவைத்துத்தான் அளப்பாள், ஏழு காட்டும். இவர் தொட்டியின் எண்பது டிகிரிச் சூட்டிலேயே முக்கினார். ஆறு புள்ளி மூன்று! ஏழுக்குக் கீழே இறங்கினால் அமிலம் என்று பள்ளியில் படித்தது அவருக்கு வேதவாக்கு. சோதனை அதிகாரிகள் வேறு வரவிருந்தார்கள்.

"தொட்டியில கொஞ்சம் சோடா உப்பைப் போட்டு ஏழாக்குங்க" என்றார்.

"மாட்டேன்" என்றாள்.

புனித திமிதர் திருநாள் வந்தது. அந்தப் புனிதரின் பெயரைத் தாங்கிய அவளுக்கு அது பெயர்நாள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள். ஆலை ஆட்களில் பாதிப் பேர் அவள் வீட்டில் சேவல் குழம்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஓக்னியனும் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, அந்தக் காலத்துல கூலியாளுங்களைக் கணக்கு முடிச்சு அனுப்புறது இந்தத் திருநாள்லதான். சாவியைக் குடுங்க. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்க."

"தம்பி, கல்யாணத்துல ஜோடி ஜோடியாக் கை கோத்து ஆடுறாங்கல்ல, தண்ணியும் அப்படித்தான். சூடு ஏற ஏற நிறைய ஜோடி கையை விட்டுடும். ஒரு ஆம்பளை பிரிஞ்சா ஒரு பொம்பளையும் பிரியுறா. உங்க மீட்டர் ஆம்பளைங்களை, அதாவது அமிலப் பக்கத்தை மட்டும்தான் எண்ணுது. அவங்க கூடுனா மீட்டர்ல எண் இறங்கும். காரப் பக்கத்துப் பொம்பளைங்களும் அதே அளவு கூடியிருக்காங்களே, அதை யாரு பாக்குறது? ரெண்டு பக்கமும் சமம். அந்தச் சூட்டுக்கு நடுநிலையே ஆறு புள்ளி மூணுதான்."

"நம்மூர்ல பொம்பளைங்கதான் முதல்ல கையை விடுவாங்க" என்றான் கொதிகலன்காரன் ஸ்தாமென். எல்லோரும் சிரித்தார்கள்.

ஓக்னியன் சிரிக்கவில்லை. "அதிகாரிங்க ஏழைத்தான் கேப்பாங்க. சாவி."

திமித்ரினாவுக்குப் பயம்தான். அந்த ஊரில் வேதியியலாளருக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆனால் கோபம் பயத்தை முந்திக்கொண்டது. சாவியைக் கழற்றி அவர் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"எடுத்துக்குங்க. சுத்தமான தண்ணியில சோடாவை நீங்களே போடுங்க. முதல் பாட்டில் உங்களுக்குத்தான் ஏத்தணும். ஊசியை நான் குத்துறேன்."

ஓக்னியன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்துவிட்ட சட்டைக் கையை மெல்ல இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தட்டிலிருந்ததைத் தின்றுவிட்டு எழுந்தார். சாவி வைத்த இடத்திலேயே கிடந்தது.

வாசலில் நின்று கேட்டார்: "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

"உங்களுக்கு முன்னாடி" என்றாள் திமித்ரினா, சாவியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டே.