பின் ஆசனத்து மான்

என் அக்காவைப் பசுத்தோலின்மேல் உட்கார வைத்தவன் நான். அது மான்தோல் என்று சொல்லி உட்கார வைத்தேன். தெரிந்தே சொன்னேன்.

முதல் வரியிலேயே இதை எழுதிவிட்டேன். இல்லாவிட்டால், வழக்கம்போல் கண்டியின் மழையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு எழுந்து போயிருப்பேன்.

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். ஒரு தேயிலை ஏஜென்சி அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழாக்கும் எழுதுவினைஞன் நான். ஊரில் நடப்பவற்றைக் கிழமை, திதியோடு நினைவில் வைத்திருப்பது என் பொழுதுபோக்கு. வாவிக்கரையில் எந்த மரம் எந்த ஆண்டு விழுந்தது என்று கேளுங்கள், சொல்வேன். ஆண்டைத் தவறாகச் சொன்னவர்களை நடுத்தெருவில் நிறுத்தித் திருத்தியிருக்கிறேன். உண்மையின்மேல் எனக்கு அப்படி ஒரு பற்று... அந்தப் பற்று அன்று எங்கே போயிருந்தது?

1927ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை. காலையில் மழை விட்டிருந்தது.

அக்கா தெய்வானைக்கு அதற்கு முந்திய ஆண்டு முழங்கால் முறிந்தது. வீட்டுப் படியில் பாசி வழுக்கி விழுந்தாள். எலும்பு கூடியதே தவிர நடை கூடவில்லை. எங்கள் ஊரில் கோவிலுக்குப் போவதென்றால் ஓர் இறக்கம், திரும்புவதென்றால் அதே இறக்கம் ஏற்றமாக. ரிக்‌ஷாவில் ஏறமாட்டாள். “மனுசன் மாடு மாதிரி இழுக்க, நான் மகாராணி மாதிரி உக்காந்திருக்கவா?” என்பாள். ஆகவே வீட்டுக்குள்ளேயே இருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பேச்சும் குறைந்துபோயிற்று.

அவளைக் கோவிலுக்குக் கொண்டுபோவதற்காகத்தான் அத்தான் மோட்டார் கார் வாங்கினார். அவர் அரிசி வியாபாரி; பெயர் சிவசாமி. கொழும்பிலிருந்து வந்து நின்ற அந்தக் காரின் ஆசனங்கள் புதுத்தோல். காய்ச்சிய வெல்லப்பாகைப் போல ஒரு பழுப்பு நிறம். தொட்டால் விரல் நழுவும்.

அக்கா ஊன்றுகோலுடன் வாசலுக்கு வந்தாள். கதவைத் திறந்தார்கள். குனிந்து மோந்து பார்த்தாள்.

“இது என்னா தோலு?”

கொல்லையில் அவள் வளர்க்கும் பசு லட்சுமிதான் குரல் கொடுத்தது.

“மாட்டுத் தோலா இருந்தா நான் ஏறமாட்டேன். வெள்ளிக்கிழம அவளுக்குப் பொட்டு வச்சிட்டு, திங்கக்கிழம அவ ஆத்தா மேல உக்காரச் சொல்றீங்களா?”

திரும்பி உள்ளே நடக்கத் தொடங்கினாள். அத்தான் என் காதில், “நீ படிச்சவன். ஏதாச்சும் சொல்லுடா” என்றார்.

ஏதாவது சொல்லத்தானே சொன்னார்? துணி விரிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆசனத்தையே மாற்றலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் படித்தவனுக்கு எளிய வழி தோன்றுவதில்லை. ரிஷிகள் எதில் அமர்ந்து தவம் செய்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

“அக்கா, இது மான்தோல்” என்றேன்.

நின்றாள்.

“இம்புட்டுப் பெரிய மானா?”

“சீமை மான். ஸ்கொத்லாந்து மலைகளில் இருக்கிறது. குதிரை உயரம்.”

“பாவம், இதுக்காகக் கொன்னாங்களா?”

“இல்லை. வயதாகித் தானாக இறந்தவை. அந்தக் குளிரில்...”

வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்கிறேன்: அந்தக் குளிரைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது! நானே அந்த மான்களுக்காக வருந்தினேன்.

அக்கா காரில் ஏறினாள். பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? அந்த முகத்தைப் பார்த்தபின் எவன் உண்மை பேசுவான்? இதைத்தான் இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது போதுமான பதிலா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

காரோட்டும் சாரதி காசிமுக்கு எல்லாம் தெரியும். கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவன், வாய் அடக்கம் உள்ளவன். அன்று மாலை காரைக் கழுவிக்கொண்டே, “ஐயா, நான் ஒண்டும் செல்ல மாட்டன். ஆனா அம்மா என்னட்டக் கேட்டா, எனக்குப் பொய் வராது. கேக்காமப் பாத்துக்கோங்க” என்றான்.

கேட்காமல் பார்த்துக்கொண்டேன். அது ஓர் உத்தியோகமாகிவிட்டது.

ஏனென்றால் மான்தோல் என்றதும் அது வெறும் ஆசனமாக இருக்க மறுத்துவிட்டது. குளிக்காதவர் பின் ஆசனத்தில் ஏறக்கூடாது; சாரதி உட்காரும் முன் ஆசனம் கணக்கில் இல்லை. செருப்புடன் ஏறக்கூடாது. வெள்ளிக்கிழமைகளில் அதற்குச் சாம்பிராணி. பிறகு நெய். லட்சுமியின் பாலில் எடுத்த நெய்யை அக்கா தன் கையாலேயே தோல் முழுக்கத் தடவினாள். மறுநாள் காரில் எறும்பு வரிசை. அடுத்த நாள் அத்தானின் வெள்ளை வேட்டியின் பின்புறம் நெய்யால் ஒரு பெரிய வரைபடம்.

அதற்கும் மறுநாள் லட்சுமி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, திறந்திருந்த காருக்குள் தலையை நீட்டி ஆசனத்தை நக்கத் தொடங்கியது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா கை கூப்பினாள். “வாயில்லாச் சீவனுக்கே தெரியிது பாரு, இது புண்ணியப் பொருள்னு.”

காசிம் இருமிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டான்.

காருடன் ஓர் ஆங்கிலக் கைப்புத்தகம் வந்திருந்தது. அதை வரிவரியாகப் படித்தேன். ஈரத்துணியால் துடை, நிழலில் உலர்த்து, மழைக்காலத்தில் பூஞ்சணம் படியாமல் பார், தேன்மெழுகை மெல்லத் தேய். அக்காவிடம் போய், “மான்தோலுக்கு நெய் ஆகாது. தேன்மெழுகுதான் விதி” என்றேன்.

“எந்த சாஸ்திரத்துல?”

“அது... தமிழில் இல்லை.”

அது ஒன்று மட்டும் உண்மை.

“அப்ப நீயே செய். எனக்கு அந்த மந்திரமெல்லாம் தெரியாது” என்றாள். அன்றுமுதல் அந்தத் தோலைப் பேணுவது என் கடமையாயிற்று. கண்டியில் மற்றவர்களின் கார் ஆசனங்களெல்லாம் பச்சை பூத்து, வெடித்து, தேங்காய்நார் வெளியே தெரிய, எங்களுடையது மட்டும் கண்ணாடியாய் மின்னியது. என் பொய்க்கு நானே மெருகிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பேராதனைச் சாலையில், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் பழுதான தம் காரருகே நின்றிருந்தார். அத்தானிடம் அரிசி வாங்குபவர். ஏற்றிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? அக்கா என்னிடம் மெல்ல, “மாட்டெறச்சி திங்கிறவராச்சே. முன்னுக்கே உக்காரட்டும். மான் மேல வேணாம்” என்றாள்.

துரை முன்னால் அமர்ந்தார். சற்று நேரம் சென்று திரும்பி, எங்கள் ஆசனத்தின் விளிம்பைத் தடவி, ஆங்கிலத்தில் சொன்னார்: அருமையான பசுத்தோல், இந்த ஊரில் இவ்வளவு நன்றாகப் பேணப்பட்ட ஒன்றைக் கண்டதில்லை.

“என்னா சொல்றாரு?” என்றாள் அக்கா.

காரின் வேகம் சட்டென்று குறைந்தது. காசிமுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வாக்கியம். உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தால் போதும். என் தொழிலே அதுதான். வாயைத் திறந்தேன்...

“அவர் ஊர் மான்தான் என்கிறார். சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம்.”

அக்கா துரையைப் பார்த்துக் கனிவாகத் தலையசைத்தாள். துரையும் தலையசைத்தார். ஒன்றும் அறியாத ஒரு வெள்ளைக்காரரைப் பொய்ச்சாட்சி ஆக்கினேன். அதற்குப் பிறகு அவளுக்கு ஐயம் என்பதே இல்லை.

இதைவிட மோசமானதும் உண்டு. ஓர் அடைமழைக் காலத்தில் வேண்டுமென்றே தோலைக் கவனிக்காமல் விட்டேன். பூஞ்சணம் தின்றால் தின்னட்டும், சான்று அழியட்டும் என்று நினைத்தேன். வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, “நான் ஏதோ தீட்டுப் பண்ணியிருக்கேன்டா. அதான் அது கோவிச்சிக்கிச்சு” என்று அழுதாள். சாப்பிட மறுத்தாள். ஈரத்துணியும் மெழுகும் எடுத்துக்கொண்டு காருக்குள் மண்டியிட்டேன். மாலைக்குள் பழைய மினுமினுப்பு வந்துவிட்டது. அவள் சோறு தின்றாள்.

1936இல் அந்தக் கார் ஓய்ந்தது. அத்தான் வேறு வாங்கினார். அதன் ஆசனங்கள் துணி. பழைய காரின் பின் ஆசனத்துத் தோலை மட்டும் அக்கா பிரித்தெடுக்கச் சொன்னாள். இப்போது அது அவளுடைய பூசை அறையில் இருக்கிறது. விடியற்காலையில் அதன்மேல் அமர்ந்துதான் செபம். அத்தானோ, கடைக்கு வருகிறவர்களிடம் ஸ்கொத்லாந்துக் குளிரைப் பற்றிப் பேசுகிறார். ஏதாவது சொல் என்று என் காதில் முணுமுணுத்த அதே அத்தான்! அவரும் நம்பிவிட்டார். உண்மை தெரிந்தவர்கள் நானும் காசிமும்தான். இப்போது நீங்களும்.

மாதந்தோறும் மெழுகுடன் போகிறேன். போன முறை போனபோது, சொல்லியே விடுவது என்று துணிந்தேன்.

“அக்கா, அந்தத் தோல்...”

“ஏன், பழுதாப் போச்சா?” அவள் கண்களில் வந்த அச்சத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது.”

“அத பத்தரமா வச்சிருடா. நான் போனா என்னைய அதுமேலதான் படுக்க வைக்கணும். ரிஷிங்க மாதிரி. வேற யாரும் தொடப்படாது. நீதான் ஓங்கையால விரிக்கணும்.”

“சரி, அக்கா” என்றேன்.

பிறகு மெழுகை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன். நல்ல தோல் அது. ஒரு வெடிப்புக்கூட இல்லை.