கை அளக்கக் கூப்பிடுகிறவள்

மருத்துவமனையின் மாடி அறையில் உட்கார்ந்து, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்களை ஃபோனில் கூப்பிடுவதுதான் அவள் வேலை. "ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை பின்னாடி வீங்கலாம். கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அளந்து பாத்துட்டா சமாளிக்கறது சுலபம், வாங்க" என்று தேனாய்ப் பேசுவாள். வரவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தவர்கள்கூட வந்து நின்றார்கள். அந்தப் பிரிவே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அவளும் அதே நோய்க்கு அங்கேயே ஆபரேஷன் செய்துகொண்டவள்தான். ஆனால் கை அளக்கும் அறைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. கூப்பிட வேண்டியவர்கள் வரிசையில் கணினித் திரையில் தன் பெயர் வரும்போதெல்லாம் 'பிறகு' என்று தள்ளிவிடுவாள். அவளுக்குத் தெரியாததா?

அன்று புது மேலாளர் பின்னால் நின்று வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் போல அவரும் அவளை 'அக்கா' என்றே அறிந்தவர்; பெயர் தெரியாது. அந்த நேரம் பார்த்துத் திரையில் அவள் பெயரே வந்து தொலைத்தது. வேறு வழியில்லை, அழைத்தாள். அவளுடைய கைபேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. கணவர் எடுத்தார்.

"கை அளக்க அவங்க இன்னும் வரலைங்களே" என்றாள், குரலை மாற்றி.

"யாருங்க பேசறது?" என்றவர் பதிலுக்குக் காத்திராமலே தொடர்ந்தார்.

"நீங்களே கூப்பிட்டது நல்லதாப் போச்சு மேடம். மோதிரம் இறுக்குதுன்னு சோப்புப் போட்டுக் கழட்டி ஒளிச்சு வச்சிருக்கா. கேட்டா எரிஞ்சு விழறா. உங்க ஆபீஸ்ல ஒருத்தங்க கல்லும் கரையற மாதிரி பேசுவாங்களாமே, அவங்களை விட்டுச் சொல்லச் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றாள்.

"எப்போ?"

"இன்னிக்கே."

"எவ்வளவு பொறுமை அக்கா உங்களுக்கு" என்று மேலாளர் மெச்சிவிட்டு நகர்ந்தார்.

மதியம் கீழே இறங்கிப் போனாள். அளவு நாடாவைக் கையில் சுற்றிப் பார்த்த பிசியோதெரபிஸ்ட், "லேசா வீங்கியிருக்கு. ஆரம்பம்தான்" என்று, மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுகப் பிடிக்கும் உறை ஒன்றைத் தந்தாள். தினமும் செய்யப் பயிற்சிகளும் சொல்லிக்கொடுத்தாள். "மேலேயே இருந்துட்டு ஏன்க்கா வரல?"

"பயம்தான். வீக்கம்னு சொல்லிட்டா மறுபடியும் நோயாளி ஆயிடுவேனோன்னு."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

"தெரியும். தினமும் நான்தானே கேக்கறேன்."

சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. உறையை மட்டும் இன்னும் விடக் கூடாது என்றார்கள். வீட்டில் கணவர்தான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "மேடம், சாப்பிட வரீங்களா?" என்பார். அவளும் எரிந்துதான் விழுகிறாள்.