பெண் வீட்டாரைக் கேட்காத கல்யாணம்

1. ரிஹேசலுக்கு நடுவில்

ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும். சனிக்கிழமை ரிஹேசல் நடந்துகொண்டிருந்தபோது வசந்தி யூனிபோர்மோடேயே வகுப்புக்குள் வந்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர். நேரே போய்த் தன் மகள் மெலனியின் தலையில் இருந்த காகித இறகுக் கிரீடத்தைக் கழற்றி என் மேசையில் வைத்தார்.

“ரீச்சர், இந்தப் புள்ள வேடர் வேஷம் போடாது. நாங்க வேடர்தான். மறுகா வேஷம் என்னத்துக்கு?”

பின் வரிசை வாங்கில் இருந்த ஆதவன் “ஊ… ஊ…” என்று நாடகத்தில் வருகிற வேடர் சத்தத்தைப் போட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள். மெலனி தாயைப் பார்த்து, “ஸே வ்ரே, மமோ?” என்று பிரெஞ்சில் கேட்டாள். உண்மையா அம்மா என்று. கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அதுவரை தெரியாது. கோபத்தில் எதைப் போட்டு உடைத்துவிட்டோம் என்று வசந்திக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறென்று போய்விட்டார்.

பிரான்சில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருபது வருடத்துக்கு மேல் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுத்தவள் நான். இப்போது வீட்டில் இருக்கிறேன். புதிதாக வரும் ஆசிரியர்கள், பூர்வகுடிகளைப் பற்றி எப்படிப் பாடம் நடத்துவது என்று கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன். பாடத்திட்டம் கேட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். என்னிடம் இருப்பது இதுதான்.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் ‘வள்ளி திருமணம்’ நாடகம் உண்டு. முருகன் காட்டுக்கு வந்து வேடர் குலத்து வள்ளியைக் கட்டுகிற கதை. வள்ளியாக வர அடிபிடி நடக்கும். மிச்சப் பிள்ளைகளுக்குக் கறுப்பு மை பூசி, பச்சைக் கடதாசியில் இலை வெட்டிக் கட்டி, வேடர் என்று மேடையில் ஏற்றுவோம். அவர்கள் கத்தி, உருண்டு, முருகனிடம் அடிவாங்குவார்கள். சனத்தின் கைதட்டலும் அங்கேதான் கூடுதல்.

அடுத்த சனிக்கிழமை மெலனி வரவில்லை. அவளுடைய கதிரையைப் பார்த்து ஆதவன் மறுபடி “ஊ” போட்டான். இந்தப் பிள்ளை திரும்பி வருவாளா, வந்தால் இவர்கள் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

2. ஸ்டாலின்கிராட்டில் ஒரு கோப்பி

வசந்திக்கு வேலை இடைவேளை கிடைத்த ஒரு நாள் ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்தில் சந்தித்தோம். அவர் கிழக்கிலங்கையில் வாகரைப் பக்கம். நானோ யாழ்ப்பாணம். இலங்கையில் வேடர் என்றால் காட்டுக்குள் சிங்களம் பேசுகிறவர்கள் என்றுதான் எனக்குத் தெரியும். கிழக்குக் கரையில் தமிழ் பேசும் வேடர் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதினம். கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனேன். வசந்தி கையைக் காட்டி நிறுத்தினார்.

“காணும் கா. எனக்கு மூணு விஷயம்தான் தெரியும். நாலாவது கேட்டா நான் பொய்தான் சொல்லணும்.”

“சரி, அந்த மூண்டையும் சொல்லுங்கோ. நாடகத்திலை என்ன பிழை?”

“எங்கட வீட்டுல வள்ளிய எங்கட புள்ள எண்டுதான் சொல்லுவாங்க. அப்ப முருகன் எங்களுக்கு மச்சான். மாப்பிள்ள பக்கத்தார் பொண் வீட்டாருக்குக் கரி பூசி, கத்த விட்டுச் சிரிச்சா, அது என்ன கல்யாணம்? பொண் தாறீங்களா எண்டு ஒரு வார்த்த கேட்டயளா?”

அத்தனை வருடம் அந்த நாடகத்தைப் பார்த்தும், பெண் வீட்டார் என்று ஒரு பக்கம் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மெலனிக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “எண்ட மனிசன் ஒங்கட ஊர்ப் பக்கம். அவருக்குத் தெரியும். அவர்ட ஆக்களுக்குத் தெரிஞ்சா எனக்குத் தேத்தண்ணிக் கோப்பை வேறயாப் போயிரும். அண்டைக்கிருந்து புள்ள கதைக்குதில்ல, ரீச்சர். அதுதான் எனக்குத் தாங்கேலாம இரிக்கு.”

“வகுப்புக்கு வந்து பிள்ளையளுக்குச் சொல்லுங்கோவன்.”

“எங்களக் காட்சிக்கு வைக்கிற வேல வேணாம்.” கோப்பியைக் குடித்து முடித்தார். “கேக்கிறதெண்டா முறையாக் கேளுங்க. பொண் கேட்டு வாற மாதிரி வாங்க.”

சொன்னவர் பாதி பகிடியாகத்தான் சொன்னார். நான் முழுதாக எடுத்துக்கொண்டேன்.

3. குணம் அண்ணையின் கடை

நாடகத்தைப் பழக்குகிறவர் எங்கள் நிர்வாகி குணம் அண்ணை. ரூ காய் தெருவில் சீலைக் கடை வைத்திருக்கிறார். கல்யாண முறை என்றால் அவரிடம் பிழை விட்டுத் தப்ப முடியாது. பெண் பக்கத்தாரை ஒரு சொல் கேளாமல் கூறை எடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய மனிதர். வசந்தி கேட்டதை அவரிடம் போய்ச் சொன்னேன்.

“உது தேவையில்லாத வேலை, ரீச்சர். நாடகம் நாடகமா இருக்கட்டும். பிறகு அரசியலாப் போகும்.”

“அண்ணை, நாடகத்திலை கல்யாணம் நடக்குதோ இல்லையோ?”

“ஓம், நடக்குது.”

“பொம்பிளை பக்கத்தைக் கேட்டனீங்களோ?”

குணம் அண்ணை ஒரு சீலையை விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். கடைக்குள் வந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு இல்லாத நிறத்தை இருக்கிறது என்று சொன்னார். கடைசியில், “தட்டுக்கு என்னென்ன வைக்கிறது?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

4. இரண்டு பக்கக் கதிரைகள்

வசந்தியைக் கேட்டு நாங்கள் நாள் குறித்த சனிக்கிழமை மெலனி தாயோடு வந்தாள். முகம் உம்மென்று இருந்தது. கதிரைகளை இரண்டு பக்கமாகப் போட்டு, ஒரு பக்கம் மாப்பிள்ளை வீடு, மற்றது பெண் வீடு என்றேன். எல்லோரும் மாப்பிள்ளை பக்கம் போய் இருந்துவிட்டார்கள். பெண் பக்கத்தில் வசந்தியும் மெலனியும் மட்டும். பிறகு சாரா, “நான் மெலனியின்ரை கொப்பின், அங்கை போறன்” என்று தோழிக்காக எழும்பினாள்.

குணம் அண்ணை வேட்டி கட்டி, வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டோடு வந்தார். கேள்வி கேட்கலாம், ஆனால் சம்பந்தம் பேசுகிற மரியாதையோடு என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒருத்தி, “நீங்கள் பூர்வகுடியோ, கலெடோனியாவிலை இருக்கிற கனாக் ஆக்கள் மாதிரி?” என்று கேட்டாள். பிரெஞ்சு ஆட்சியில் இருக்கிற அந்தத் தீவின் பூர்வகுடிகளைப் பற்றிக் கொலேஜில் படித்திருக்கிறாள்.

“பேர் என்ன வேணுமெண்டாலும் வைங்க. எங்களுக்குக் காடு இருந்திச்சு. வெட்டினவங்க ஒருத்தரும் எங்களக் கேக்கல. சிங்களவரும் கேக்கல, தமிழரும் கேக்கல.”

“தமிழாக்களுமோ?” என்றான் ஆதவன். அவன் பகிடி விடவில்லை. உண்மையிலேயே திகைத்துப்போனான். எங்களிடமிருந்து பறிக்கப்பட்டதைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தோம். நாங்களும் யாரிடமோ பறித்தவர்களாக இருந்திருக்கலாம் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. நான் இடையில் புகுந்து சமாளிக்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது எனக்கு லேசான காரியம் அல்ல.

பிறகு வசந்தி குணம் அண்ணையைப் பார்த்துக் கேட்டார். “எங்கட புள்ளயப் பாக்க நாளைக்கு நாங்க வந்தா, எந்தக் கோப்பையில தேத்தண்ணி தருவீங்க?”

பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் குணம் அண்ணைக்கும் நன்றாக விளங்கியது. அவர் நெற்றியைத் துடைத்தார். “எங்கடை கோப்பையிலைதான்,” என்றார், கொஞ்சம் பிந்தி.

மெலனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது என்னிடம் வந்து, நாடகத்தில் பெண் வீட்டார் சார்பில் தானே பேசுவதாகச் சொன்னாள்.

5. மேடையில்

அந்த வருடம் மை இல்லை, இலை இல்லை. வேடர் சேலையும் வேட்டியும் கட்டிப் பாயில் இருந்தார்கள். முன்னைப் போல் கைதட்டல் கிடைக்கவில்லை. பிள்ளைகளின் கலகலப்பைக் கெடுத்துவிட்டீர்கள் என்று இரண்டு பெற்றோர் என் காதுபடவே பேசினார்கள். மெலனியின் தகப்பன், தன் ஆட்கள் எல்லோரையும் கூட்டிவந்து முன் வரிசையில் இருத்தியிருந்தார். வசந்தி அவர்கள் நடுவில் விறைத்துப்போய் இருந்தார்.

கடைசிக் காட்சிக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராகக் குணம் அண்ணையே ஏறினார். தட்டை நீட்டி, “வேடர் குலத்துப் பெரியவையே, உங்கடை பிள்ளையை எங்கடை வீட்டுக்குத் தரச் சம்மதமோ?” என்றார். நான் எழுதிக்கொடுத்த வசனம் “சம்மதம்” என்ற ஒற்றைச் சொல். அதோடு மேளம் அடிக்க வேண்டும்.

மெலனி தட்டைப் பார்த்தாள். முன் வரிசையைப் பார்த்தாள். பிறகு தாயின் பேச்சிலேயே, சத்தமாக, “நாங்க வேடர். யோசிச்சுத்தான் சொல்லுவம்,” என்றாள்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் வேறொன்றும் சொல்லவில்லை. மேளக்காரர் என்னைப் பார்த்தார். பொறுங்கள் என்று கை காட்டினேன். தட்டோடு போய்க் கேட்டுவிட்டால் எங்கள் பக்கத்து வேலை முடிந்துவிடும் என்றுதான் அந்த நிமிடம் வரை நானும் நினைத்திருந்தேன். பதில் அவர்களுடையது, அவர்களுக்கு வசதியான நேரத்தில் வரும், வராமலும் போகலாம். இருபது வருடத்தில் நான் படித்த பாடம் இது ஒன்றுதான்.

குணம் அண்ணை தட்டைக் கீழே வைக்கவில்லை.

“ஓம் பிள்ளை, ஆறுதலா யோசியுங்கோ,” என்றார். “நாங்கள் நிக்கிறம்.”