தம்பி கரையேறும் காட்சி

மீஞ்சூர் ரயில்வே கேட் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது என் ஏஜென்ட்டின் அலுவலகம். விழாக்களுக்கு ஆள் அனுப்புவது அவர் தொழில். அவர் அச்சடித்து வைத்திருக்கும் பட்டியலில், பொம்மையைக் கையில் மாட்டி ஆட்டும் பொம்மலாட்டக்காரனாகிய நான் பாப்கார்ன் மிஷினுக்கு மேலே, பலூன் வளைவுக்குக் கீழே இருக்கிறேன். தடிதடியான ரஷ்ய நாவல்களை எல்லாம் படித்து முடித்தவனுக்கு இது தகுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"பாப்கார்ன் மிஷினுக்கு கரண்ட் வேணும் ஜி. உங்களுக்கு அதுகூட வேணாம். அதான் ஒரு படி மேல போட்டிருக்கேன்" என்றார். என்னைவிட இருபது வயது இளையவர். பாராட்டாகத்தான் சொன்னார்.

போன மழைக்காலத்தில் அவர் எனக்குப் பதினைந்து ஊர் பிடித்துத் தந்தார். பழவேற்காடு ஏரியோர மீனவ கிராமங்களுக்கு ஒரு கம்பெனி லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறது, கூடவே பொம்மலாட்டம். கதையும் கம்பெனியே எழுதியது. அண்ணன் ஜாக்கெட் போடுவான், தம்பி சிரித்துவிட்டுப் போடமாட்டான். படகு கவிழும். தம்பி மூழ்குவான். அண்ணன் மூன்று முறை கூப்பிடுவான், பதில் வராது. அவ்வளவுதான்.

"ஒரு வார்த்த மாத்தக்கூடாது ஜி. கம்பெனி அப்ரூவ் பண்ணது. தம்பி சாவுற சீன் வீடியோல க்ளியரா தெரியணும்."

இருபத்தைந்து வருடத்தில் எனக்கு யாரும் மரணக் காட்சி தந்ததில்லை. பிறந்தநாள் வீடுகளில் அதைக் கேட்பதில்லை. ஏரிக்காக மனைவியின் நீல நைலக்ஸ் புடவையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

நான்காவது ஊர், பழவேற்காட்டிலிருந்து படகில் அரை மணி நேரம். அன்று காலையிலிருந்தே காற்று சரியில்லை. புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். திரை கட்டிக்கொண்டிருந்தபோது, கூட்டம் சேர்க்க ஏஜென்ட் ஏற்பாடு செய்திருந்த மகளிர் குழுத் தலைவி என்னிடம் வந்து குனிந்து பேசினார்.

"சார், பசங்கள வெளிய உடாத. முகத்துவாரத்தாண்ட படகு கவுந்துட்ச்சி. ரெண்டு பேரு நீந்தி வந்துட்டாங்கோ. ஒருத்தர காணோம்."

"இந்தக் காத்துல ஏம்மா போனாங்க?"

"இன்னிக்கி அவருக்குப் பாடு சார். உட்டா மறுபடி எப்ப வரும்?"

ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் முறை பிரித்து வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பெயர் பாடு. அதைக் காற்றுக்காக யாரும் விடுவதில்லை.

"முன்னாடி பச்ச ரிப்பன் கட்டிகினு குந்திகீதே, அது காணாம போனவரு பொண்ணு. அதுக்கு ஒண்ணும் தெரியாது. நீ பாட்டுக்கு ஆட்டிகினே இரு."

அரை மணி நேர ஆட்டத்தை இரண்டு மணி நேரம் இழுத்தேன். திருடன், போலீஸ், இட்லி திருடும் காக்கா என்று பையிலிருந்த எல்லோரும் வந்து போனார்கள். கடைசியில் சரக்கு தீர்ந்து படகுக் கதைக்கு வர வேண்டியதாயிற்று. செல்போன் ஸ்டாண்டில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தது. தம்பி புடவைக்கு அடியில் போனான். அண்ணன் மூன்று முறை கூப்பிட்டான். திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். பச்சை ரிப்பன் கட்டிய பெண் அதன் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தம்பியை மேலே தூக்கினேன்.

"இன்னாண்ணே, தண்ணிக்குள்ள தூங்கிகினு இருந்தேன், எழுப்பிட்டியே" என்றான் தம்பி.

எல்லோரையும்விட அவள்தான் அதிகம் சிரித்தாள். திரும்பி வந்த படகில் அந்த அரை மணி நேரமும் நான் என்னை நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடிக்கடி நடப்பதில்லை என்பதால் ஞாபகமிருக்கிறது.

மறுநாள் ஏஜென்ட் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"ஜி, கம்பெனில வீடியோ பாத்தாங்க. சாவு வேணாமாம். தம்பி பொழைக்கிறதுதான் பாசிட்டிவா இருக்காம். மீதி பதினோரு ஊருக்கும் இதான். இனி ஒரு வார்த்த மாத்தாதீங்க."

ஜாக்கெட் போடாதவனும் பிழைத்துக்கொள்கிறான் என்றால் ஜாக்கெட் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்தத் தலைவி போன் செய்தார். உடல் மூன்றாம் நாள்தான் கிடைத்ததாம். அந்தக் கோலத்தைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டாம் என்று அப்படியே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

"அது கரையாண்டயே குந்திகீது சார். சோறு துண்ண மாட்டேன்து. நைனா தண்ணிக்குள்ள தூங்குறாரு, கூப்டா வருவாருன்னு கூப்டுகினே கீது. நாங்க சொன்னா நம்ப மாட்டேன்து. நீதானே சொன்ன. நீயே வந்து சொல்லு."

ஏஜென்ட்டிடம் சொல்லாமல் போனேன். அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே புடவையைக் கட்டினேன். எதிரே அவள் மட்டும். அம்மா உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. அன்று காக்கா இல்லை, போலீஸ் இல்லை. நேரே படகு கவிழ்ந்தது. தம்பி அடியில் போனான். அண்ணன் மூன்று முறை கூப்பிட்டான்.

அவள் காத்திருந்தாள். பிறகு, "மாமா, இன்னொரு தபா கூப்டு" என்றாள்.

கூப்பிட்டேன்.

"மெதுவா கூப்டுற. அவருக்குக் கேக்கல."

உரக்கக் கூப்பிட்டேன். என் இடது கை புடவைக்கு அடியில், தம்பிக்குள் இருந்தது. விரலை அசைத்தால் போதும். தம்பியின் குரலும் என் தொண்டையில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளி நின்று அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தபா."

எத்தனை முறை என்று எண்ணவில்லை. அண்ணனின் குரல் கம்மிப்போன பிறகு அவளே "போதும்" என்றாள். எழுந்து வந்து புடவையைத் தூக்கி, என் கையிலிருந்து தம்பியை உருவி எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தரையில் படுக்கவைத்தாள். உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் உள்ளே அழுகுரல் கேட்டது. தலைவி என் பையைத் தூக்கிக் கொடுத்து, "கெளம்பு சார்" என்றார்.

மறுநாள் அடுத்த ஊர். கம்பெனியின் ஒப்புதலோடு தம்பி தண்ணீரிலிருந்து எழுந்து வந்தான். நன்றாகக் கைதட்டினார்கள்.